உரக்கடைக்காரரின் காசி யாத்திரை

ராஜபாளையத்து ஐயாதுரை உரக்கடையில் எடையும் குறைந்ததில்லை, சொல்லும் குறைந்ததில்லை. ஐயாதுரை காலமான பிறகு கடைக்கு வந்த அவருடைய மகன் தனுஷ்கோடி, தகப்பனார் படத்துக்குக் கீழே, நாற்காலியில் முதுகு படாமல் உட்காருவார். சாய்ந்து உட்காருகிறவன் பேச்சும் சாயும் என்பது அவர் எண்ணம். சுற்றுப்பட்டு விவசாயிகள் வெளுத்துப்போன நெல்தாளை மடியில் செருகிக்கொண்டு வருவார்கள். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

"யூரியா. பனி காஞ்ச பொறவு போடு. ஈர மண்ணுல கலந்து வீசு."

அவ்வளவுதான். டாக்டர் சொன்னதையே இன்னொரு டாக்டரிடம் போய்ச் சரிபார்க்கிற ஜனங்கள், தனுஷ்கோடி அண்ணாச்சி சொன்ன பிறகு வேறு கடை வாசலை மிதிக்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்தின் கடையும் வீடும் பிறகு வந்த சொத்து. முதல் சொத்து அந்தச் சொல்.

அப்பேர்ப்பட்ட மனிதர் 1995-ஆம் வருஷம் கார்த்திகை மாதம், யூரியாவைக் கண்டால் ஆகாத ஒரு பண்ணையில், தலையில் சாணிக்கூடையோடு நின்றார் என்றால் அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை. அவருடைய வாய்தான்.

அறுபதாம் கல்யாணத்தன்று நடந்தது அது. இரண்டாம் தடவை தாலி கட்டி முடித்த உற்சாகத்தில், பந்தல் நிறைய இருந்த சொந்தபந்தங்களுக்கு நடுவே, மனைவி பரிபூரணத்தைப் பார்த்து, "நீ இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேளு. என்ன கேட்டாலும் தாரேன். ஐயாதுரை மகன் சொன்னா சொன்னதுதான்" என்று அறிவித்துவிட்டார். வைர மூக்குத்திக்கு மேல் எதுவும் அவர் கணக்கில் இல்லை. பரிபூரணம் சிரித்துக்கொண்டு, "பொறவு கேக்கேன்" என்றாள். பந்தலே கைதட்டியது.

மறுநாள் காலையில், காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு மூக்குத்தி வேண்டாம். நாம ரெண்டு பேரும் இயற்கைப் பண்ணையாப் பாத்துப் போவோம். ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நாளு இருந்து வேலை செய்வோம். சோறு போட்டு, படுக்க எடம் தாராக. சம்பளம் கெடையாது."

தனுஷ்கோடி காப்பியை வைத்துவிட்டார்.

மடவார் வளாகத்துத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, மதுரையிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனத்தார் போட்ட கூட்டத்தில் அவள் இதைக் கேட்டிருக்கிறாள். கேட்டதோடு நிற்காமல் பெயரும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? உரக்கடைக்காரன் பொண்டாட்டி சாணி அள்ளப் போனான்னு தெரிஞ்சா ஊரு எதால சிரிக்கும்?"

"எதாலயும் சிரிக்கட்டும். நான் வெவசாயி மக. உங்களைக் கட்டின நாள்லேருந்து என் சேலையில பூச்சிமருந்து வாடை. தலைமுடியில பூச்சிமருந்து வாடை. முதல் பிள்ளை பெத்தப்போ மருத்துவச்சி, 'ஏத்தா, நீ மருந்தைக் கிருந்தைக் குடிச்சிட்டியா'ன்னு கேட்டா. சாகுறதுக்குள்ள ஒருக்கா நான் சாணி வாடை அடிக்கணும்."

சபையில் கொடுத்த வாக்கு. மாற வழியில்லை. ஆனால் குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அறுபது முடிந்த தம்பதி காசிக்குப் போவது உலக வழக்கம். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, "காசி, கயா எல்லாம் பாத்துட்டு வர ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்று ஊருக்குச் சொன்னார். வாடிக்கைக்காரர்கள் ரயிலடிக்கு மாலையோடு வந்தார்கள். அவரிடம் மூட்டை மூட்டையாக யூரியா வாங்குகிற குருசாமி, காலில் விழுந்து கும்பிட்டு, "அண்ணாச்சி, விசுவநாதர்கிட்ட எங்க கம்மாய்க்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். தனுஷ்கோடி ஆசீர்வாதம் செய்தார். மதுரையில் இறங்கி, பழனி பஸ் ஏறினார்.

பழனிப் பக்கத்து முதல் பண்ணையில், இப்படி வந்து வேலை செய்கிறவர்களுக்கு வைத்திருந்த 'தொண்டர்' என்ற பெயருக்கு மேற்பார்வை பார்க்கிறவர் என்று பொருள் என்று அவராக நினைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி கேட்டார். வெள்ளை வேட்டியோடு வரப்பில் உட்கார்ந்து, களை எடுக்கிற பெண்களைப் பார்த்து, "அங்க விட்டுட்டே, இங்க விட்டுட்டே" என்று சொல்லத் தொடங்கினார். பண்ணைக்காரர் நல்ல மனிதர். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு கூடையைக் கொடுத்தார்.

நத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாம் பண்ணையில் அவருக்குக் கிடைத்தது கோமியம் பிடிக்கிற வேலை. விடியற்காலையில் பித்தளைச் செம்போடு மாட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மாடு எப்போது மனது வைக்கும் என்று மாட்டுக்கே தெரியாது. அவரும் முதுகு வளையாமல், ஐயாதுரை மகனுக்கு உரிய நிமிர்ச்சியோடு நின்றார். செம்பை நீட்டினால் மாடு நிறுத்தும். செம்பை எடுத்தால் பெய்யும். பரிபூரணம் தொழுவத்து வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"சிரி, சிரி. காசியில இருக்கேன்னு சொல்லிட்டு மாட்டு வாலுக்குக் கீழ நிக்கேன்."

"புண்ணியம் ரெண்டும் ஒண்ணுதான். குனிஞ்சு பிடிங்க."

வாரம் ஒரு தடவை எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகனுக்குப் பேசுவார். "இங்க குளிரு தாங்கலப்பா. கங்கையில கால வைக்க முடியல" என்பார். ஒரு தடவை பூத் கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே நின்ற கண்டக்டர், "மதுரை, மதுரை, மதுரை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மகன், "அது யாருப்பா?" என்றான். "நம்ம ஊருக்காரன்தான். யாத்திரைக்கு வந்தவன், வீட்டு நெனப்பு வந்து பொலம்புதான்" என்று போனை வைத்தார்.

மூன்றாவது பண்ணைதான் வினை. தொண்டு நிறுவனத்தார் அனுப்பியது சுந்தரபாண்டியத்துக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம். சொந்தக் கடையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி முழிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்.

"அங்க மாட்டவே மாட்டேன்" என்றார்.

"வாக்கு" என்றாள் பரிபூரணம். அந்த ஒரு சொல்லை அவள் இப்போது மாட்டுக்குத் தார்க்குச்சி போல உபயோகிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சுந்தரபாண்டியம் பண்ணைக்காரர் சோலைச்சாமி ஐம்பது வயசுக்காரர், சந்தோஷப்பட்டாலும் கோபப்பட்டாலும் கத்திப் பேசுகிற ரகம். அவரிடம் தனுஷ்கோடி தம்மைப் பலசரக்குக் கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டார். தலையில் எப்போதும் துண்டு, முகத்தில் ஒரு மாசத் தாடி. சோலைச்சாமியின் முறை இது: வந்து தங்குகிற ஒவ்வொரு தம்பதிக்கும் நட்டு முடித்த வயலில் ஒரு துண்டு. அறுவடை வரை இருக்க முடிந்தால் இருக்கலாம். இருக்கிற வரை அந்தத் துண்டுக்கு அவர்கள்தான் தாய் தகப்பன்.

இவர்களுக்கு அடுத்த துண்டு, தூத்துக்குடியிலிருந்து வந்த பொன்னுராஜ், ஜெயபாய் என்ற இளம் தம்பதிக்கு. பொன்னுராஜ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஜெயபாய் வாயை விட்டுவிட்டு வராதவள். காலையில் வரப்பில் பல் துலக்கிக்கொண்டே, "ஐயா, உங்க வயலு செத்த வெளுத்திருக்கே! ராத்திரி சரியாத் தூங்கலையோ?" என்பாள்.

உண்மைதான். அவர்கள் துண்டு மஞ்சளடித்துக்கொண்டே வந்தது. பரிபூரணம் சும்மா இருக்கவில்லை. ஓடை ஓரமெல்லாம் அலைந்து கொழிஞ்சித் தழை வெட்டிவந்து, பயிருக்கு இடையில் போட்டு மிதித்தாள். சாணிக் கரைசல் ஊற்றினாள். அவள் மிதிக்க மிதிக்க அது வெளுத்தது. பொன்னுராஜின் வயல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து பரிபூரணம் ஒன்றும் பேசாமல் இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்ப்பாள். அது அவரை ஜெயபாயின் வாயைவிட அதிகமாகக் குத்தியது.

ஒரு தாலுகாவின் வெளுத்த பயிரையெல்லாம் நிமிரவைத்த கை அது. அந்தக் கையின் சொந்த வயல் மஞ்சளாய்க் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு தூத்துக்குடிப் பெண் பல் துலக்கிச் சிரிக்கிறாள். ஐயாதுரை இருந்தால் படத்திலிருந்து இறங்கி வந்து உமிழ்ந்திருப்பார்.

மார்கழி பிறந்ததும், "ஆண்டாளைக் கும்பிட்டுட்டு வாரேன்" என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டார். ஆண்டாளையும் கும்பிட்டார், பொய் சொல்லவில்லை. பிறகு துண்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தேரடியைத் தாண்டி ஒரு உரக்கடைக்குள் நுழைந்தார். பிறந்த நாளிலிருந்து காசு கொடுத்து உரம் வாங்கியறியாத மனிதர், அடுத்தவன் கடைப் படியேறி, "சில்லறையா அஞ்சு கிலோ யூரியா குடுங்க" என்றார்.

கடையில் இருந்த கணக்குப்பிள்ளைக்கு மிஞ்சினால் இருபத்தைந்து வயசு இருக்கும். எடை போட்டுக்கொண்டே, "பெரியவரே, பனி காஞ்ச பொறவு போடுங்க, இல்லாட்டி இலை கருகிரும். ஈர மண்ணுல கலந்து வீசணும். வெளங்குச்சா?" என்றான்.

தனுஷ்கோடிக்குக் காது மடல் சிவந்தது. அந்த வாசகம் அவருடையது. வார்த்தைக்கு வார்த்தை அவருடையது.

"வெளங்குச்சு" என்றார்.

"எங்க சொல்லுங்க, பாப்போம்?"

சொன்னார். வேறென்ன செய்வது! தராசுத் தட்டில் அவன் சுண்டுவிரல் பட்டதையும் பார்த்தார். தம் கடையாக இருந்தால் அன்றைக்கே அவன் சீட்டைக் கிழித்திருப்பார். இங்கே தலையைக் குனிந்து பையை வாங்கிக்கொண்டு இறங்கினார். வெளியே வந்து பால்கோவா வாங்கி அதன் மேலே அடுக்கினார்.

பண்ணைக்கு வந்ததும் பையைத் தங்கியிருந்த அறையின் மூலையில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். திரும்பி வருகையில் ஜெயபாயும் பொன்னுராஜும் பால்கோவா தின்றுகொண்டிருந்தார்கள். பரிபூரணம் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் பையின் அடிப்பக்கம் போனது. பரிபூரணம், "உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள், அவ்வளவுதான். அவள் மேலோடு எடுத்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் வயலில் இறங்கினார். பனி காய்ந்திருந்தது. யூரியாவை ஈர மண்ணில் கலந்து, ஊருக்கெல்லாம் சொன்னதைத் தாமே செய்தார். சொல்வது சுலபம் என்பது வீசும்போதுதான் தெரிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. முடித்துவிட்டு, ஒரு தப்பும் செய்யாதவர் முகத்தோடு வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டார்.

வாரம் திரும்புவதற்குள் வயல் எழுந்து நின்றது. எழுந்து நின்றது என்றால், பொன்னுராஜின் வயலை மேலிருந்து கீழ் பார்த்துக்கொண்டு நின்றது. கரும்பச்சை. ஜெயபாய் பல் துலக்குகிற இடத்தை மாற்றிக்கொண்டாள்.

சோலைச்சாமிதான் துள்ளினார். "எம்மா! கொழிஞ்சி போட்டு மிதிச்சீகளே, இந்தா பேசுதுல்லா! எத்தனையோ பேரு வந்து போனாக, இந்தக் கைராசி யாருக்கும் இல்ல" என்று பரிபூரணத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று தனுஷ்கோடி நினைத்தார். தாமும் உள்ளுக்குள் ஒரு சுற்றுப் பெருத்தார்.

சோலைச்சாமி துள்ளலோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மதுரைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தொண்டு நிறுவனத்தார், "இதை நாலு பேர் பார்க்கணும்" என்று ஒரு வேன் நிறைய விவசாயிகளை அழைத்து வந்தார்கள். எந்த ஊர் விவசாயிகள்? ராஜபாளையத்து விவசாயிகள்.

வேனிலிருந்து இறங்கிய முதல் காலைப் பார்த்ததுமே அது குருசாமியின் கால் என்று தனுஷ்கோடிக்குத் தெரிந்துவிட்டது. பித்த வெடிப்புகூட அடையாளம் தெரிந்தது. பின்னாலேயே சமுத்திரம், கருத்தையா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாம் அவர் கடை வாடிக்கை. ஒரே பாய்ச்சலில் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் வைக்கோல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதுகை வளைத்துத்தான் உட்கார வேண்டியிருந்தது.

வயலில் சோலைச்சாமியின் குரல் கேட்டது. "பாத்துக்கோங்கய்யா! ஒரு குருணை யூரியா கெடையாது. சாணி, தழை, இந்தம்மா காலு. அம்புட்டுத்தான்!"

"நெசமாவா? இம்புட்டுப் பச்சை யூரியா போட்டாத்தான வரும்?" இது சமுத்திரம்.

"அப்ப இத்தனை வருசமா நாம கொட்டின காசு?" இது குருசாமி. "திங்கக்கெழமை ரெண்டு மூட்டை எடுக்கலாம்னு இருந்தேன். இனி எதுக்கு? நான் தழைக்கு மாறிட்டேன்யா!"

"நானும்!" "நானும்!" என்று குரல்கள் எழும்பின. தனுஷ்கோடிக்கு வைக்கோலுக்குள் வியர்த்தது. அவர் போட்ட யூரியா, அவர் கடை யூரியாவை ஊரை விட்டே விரட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஜெயபாய்க்குத்தான் உதவும் குணம் வந்தது. "இந்த வயலுக்கு இன்னொரு ஆளும் உண்டு. தொழுவத்துல ஒளிஞ்சிருக்காரு, கூச்ச சுபாவம்!" என்று கூட்டத்தோடு வந்து, வைக்கோலை விலக்கி, அவரைக் கைபிடித்து இழுத்து நிறுத்தினாள். துண்டு நழுவியது.

குருசாமி குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அண்ணாச்சி?" என்றான் குருசாமி. "காசிக்குல்லா போனீக?"

ஐயாதுரை மகன் நழுவிய துண்டை எடுக்கக் குனிந்தார்.

"நான் உங்க கால்ல விழுந்தேன்! ரயிலடியில, அத்தனை பேரு முன்னால!"

கருத்தையா மெதுவாகக் கேட்டான். அவன் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவான். அதுதான் அதிகம் வலிக்கும். "வெளங்கிப்போச்சு. எங்களுக்கு மூட்டை மூட்டையா உரத்தைத் தள்ளிவிட்டுட்டு, தனக்கு மட்டும் கமுக்கமா சாணி போட்ட நெல்லு. அப்படித்தானே அண்ணாச்சி? வித்த சரக்கு மேல விக்குதவருக்கே நம்பிக்கை இல்ல."

சோலைச்சாமி நடுவில் விழுந்தார். "உரமா? இவிய பலசரக்குக் கடையில்லா?"

"பலசரக்கா? ராஜபாளையம் ஐயாதுரை உரக்கடை முதலாளிய்யா இவரு!"

சோலைச்சாமிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் போனது.

அவமானம் என்றால் இன்னதென்று தனுஷ்கோடிக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. காசிப் பொய் அகப்பட்டது கூடப் பெரிதில்லை. சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் கருத்தையா சொன்னது வேறு. வெளுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்ன சொல் அத்தனையும் யாவாரப் பேச்சு என்று ஆகிறது. தகப்பனார் சொன்னதும் சேர்ந்து. அதைக் கழுவ அவரிடம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர்தான். அது சாக்கடைத் தண்ணீராக இருந்தது.

முதுகை நிமிர்த்தினார். "இது தழைப்பச்சை இல்ல. யூரியாப் பச்சை. நான்தான் போட்டேன். அஞ்சு கிலோ."

சமுத்திரம்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பற்றிக்கொண்டது.

"யாவாரம் போயிருமேன்னு பதறுதாரு!" என்றான் குருசாமி. "சரி அண்ணாச்சி, யூரியா எங்க வாங்குனீக? நம்ம கடையிலயா?"

"வில்லிபுத்தூர்ல."

வேன் டிரைவர் உட்படச் சிரித்தார்கள். சொந்தக் கடையில் கூரை முட்ட மூட்டை அடுக்கி வைத்திருக்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ச் சில்லறையாக அஞ்சு கிலோ வாங்கினாராம்! பொய்யிலும் ஒரு பொருத்தம் வேண்டாமா?

"எடையில விரலு வச்சான். நாலரைதான் இருக்கும்" என்றார் தனுஷ்கோடி. உண்மையைத் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆவேசம் அவருக்கு. அதற்கும் சிரித்தார்கள். சோலைச்சாமி சிரிக்கவில்லை. குரல் திரும்பியிருந்தது. "அண்ணாச்சி, பொய் சொல்லி என் பண்ணையில தங்குனீக, அது போகட்டும். உங்க கடைக்காக என் வயலு மேல பழி போடாதீக. அந்தம்மா உழைப்பு அது."

ஐயாதுரை குடும்பத்துச் சொல், அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே மிகச் சுத்தமான உண்மையாக வெளியே வந்த அன்றைக்கு, வாங்க ஆள் இல்லாமல் தரையில் கிடந்தது.

அப்போதுதான் பரிபூரணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவிய சொல்லுதது நெசம்."

சிரிப்பு அடங்கியது.

"பால்கோவா எடுக்கப் பையை அவுத்தேன். அடியில வெள்ளையா இருந்துச்சு. யூரியாவை எனக்குத் தெரியாதா? நாப்பது வருசம் அதுக்குப் பக்கத்துல படுத்து எந்திரிச்சவ நான். தூக்கிக் கெணத்துல போட்டிருக்கணும். போடல. மறுபடி கட்டி வச்சேன். அவிய வீசும்போது நான் தூங்கவும் இல்ல. கண்ண மூடிக் கெடந்தேன்."

"எம்மா, நீங்களுமா?" சோலைச்சாமியின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"என்னய்யா செய்யச் சொல்லுதீக? மிதிச்சு மிதிச்சு என் காலு ஓஞ்சு போச்சு. வயலு வெளுத்துக்கிட்டே போகுது. இவ வேற தெனமும் பல்லு வெளக்குதா!"

ஜெயபாய் வாயை மூடிக்கொண்டாள். அவளை அறிந்தவர்கள் அதைப் பெரிய மரியாதை என்று சொல்வார்கள்.

சோலைச்சாமி வரப்பில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "தழை மிதிச்ச வயலு மொதல்ல வெளுக்கத்தான் செய்யும்மா. தழை மக்குத வரைக்கும் பயிரு பட்டினி கெடக்கும். பொறவு தானா எந்திரிக்கும். பொன்னுராஜ் வயலு போன வருசம் ஆட்டுக்கெடை போட்டுப் புழுக்கை விழுந்த எடம், அதான் பச்சை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். ஆனால் வெளுத்த பயிரைப் பற்றித் தனுஷ்கோடி இன்னொருவனிடம் கேட்பதா? அந்த எண்ணம் அவருக்கு வரவே இல்லை. இப்போதும் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

"இந்தத் துண்டை மறுபடி சுத்தம் பண்ண என்ன செய்யணும்?"

"இந்த நெல்லைத் தனியா அறுக்கணும். பொறவு கொழிஞ்சி வெதச்சு மடக்கி உழணும். அடுத்த போகமும் தனியாத்தான் வைக்கணும். யாரு செய்வா?"

"நான் செய்வேன்."

"அண்ணாச்சி, உங்களால..."

"சோலைச்சாமி, எங்க ஐயா பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியுதவன் நான். ஒரு வயலைக் கெடுத்துட்டு வந்துட்டான்னு அவரு படத்துக்குக் கீழ போயி எப்படி உக்காருவேன்?"

கருத்தையா முன்னால் வந்தான். அதே மெதுவான குரல். "அப்ப யூரியா போடலாமா, கூடாதா? ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி."

"யூரியா போட்டாப் பச்சையாகும். நான் வித்ததுல பொய் இல்ல. கண்ணு முன்னாலதான நிக்குது. ஆனா தழை போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுதேன்."

தெரியாது என்று அவர் சொல்லி அந்த விவசாயிகள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒருவரும் சிரிக்கவில்லை. வேன் கிளம்பும்போது குருசாமி மட்டும் தலையை வெளியே நீட்டி, "நான் விழுந்து கும்பிட்டதைத் திருப்பித் தரணும், ஆமா!" என்று கத்திவிட்டுப் போனான்.

அந்த நெல்லைத் தனியாக அறுத்தார்கள். சோலைச்சாமி அதை விற்க மாட்டேன் என்றார். அடித்துக் குத்தி, அந்த அரிசியையே தனுஷ்கோடியும் பரிபூரணமும் சமைத்துச் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு கொழிஞ்சி விதைத்தார்கள். மகன் விஷயம் தெரிந்து ஒரு நாள் பண்ணைக்கே வந்து, அம்மாவிடம் அழுது, அப்பாவிடம் கோபித்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

பங்குனி வெயிலில் ஒரு காலை, குருசாமி வரப்பு வழியே வேர்த்து விறுவிறுத்து வந்தான். மடியிலிருந்து ஒரு நெல்தாளை எடுத்து நீட்டினான். கிணற்றுப் பாசனத்தில் ஒரு சின்னத் துண்டுக்கு மட்டும் தழை போட்டுப் பார்த்திருக்கிறான்.

"வெளுத்துப் போச்சு அண்ணாச்சி. பொண்டாட்டி ஏசுதா. கடைக்குப் போனேன், உங்க மவன் ஒரு மூட்டை எடுத்து வச்சிட்டான். நான்தான், 'செத்த பொறு'ன்னு சொல்லிட்டு இங்க வந்தேன். போடவா?"

தனுஷ்கோடி சாணிக்கூடையை இறக்கி வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மிதிச்ச தழையைத் தோண்டிப் பாத்தியா? நாறுதா, மண்ணு வாடையா?"

"இன்னும் நாறத்தான் செய்யுது."

"அப்ப மக்கல. ஒண்ணும் போடாத. தண்ணியை வடிச்சு வடிச்சுக் கட்டு. நாத்தம் போனாப் பச்சை வரும்."

குருசாமி தாளைத் தூக்கி எறிந்தான். "சரிதான். உர யாவாரியே உரம் வேண்டாம்னு சொன்னா, அதுல எந்தப் பொய்யும் இருக்க முடியாது. வாரேன் அண்ணாச்சி." இன்னொரு ஆளிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வந்த வழியே திரும்பி நடந்தான்.

தனுஷ்கோடியின் முதுகு தானாக ஒரு விரற்கடை நிமிர்ந்தது. பரிபூரணம் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மூட்டை யாவாரம் போச்சு. உங்க மவன் ஏசித் தொலைச்சிருவான்" என்றாள்.

"ஏசட்டும். மூட்டைதான போச்சு."

"நிமிந்து நின்னது போதும். தூக்குங்க."

தூக்கினார்.